சுரங்கச் சுவரில் பூத்த உப்பு

நெற்பயிரின் இலைகள் துருப்பிடித்ததுபோல் பழுப்பேறினால், விவசாயி உரக் கடையில் கேட்டு வாங்குவது ஜிங்க் சல்பேட். அதில் இரண்டு ரகம் உண்டு. ஒன்றில் துத்தநாகம் 21 சதவீதம், மற்றதில் 33 சதவீதம். உப்பு ஒன்றுதான், அதற்குள் இருக்கும் நீரின் அளவுதான் வேறு. முதலாவதில் ஒவ்வொரு ஜிங்க் சல்பேட் மூலக்கூறுக்கும் ஏழு நீர் மூலக்கூறுகள். இரண்டாவதில் ஒன்றே ஒன்று.

கடைக்காரருக்கு இது விலை வித்தியாசம். கனிமவியலாளருக்கோ இவை இரண்டு தனித்தனிக் கனிமங்கள். காரணம், இதே உப்பு பழைய துத்தநாகச் சுரங்கங்களின் சுவர்களில் தானாகவே பூக்கிறது.

பூமிக்கடியில் துத்தநாகம் பெரும்பாலும் கந்தகத்துடன் சேர்ந்து சல்பைடு தாதுவாக உறங்குகிறது. சுரங்கம் வெட்டியதும் காற்றும் ஈரமும் நுழைகின்றன. சல்பைடு சிதைந்து சல்பேட்டாகி, கசியும் நீரில் கரைகிறது. நீர் வற்றிய இடத்தில் வெள்ளைப் படிவு மிஞ்சுகிறது. மூலத் தாது அழிந்து பிறப்பதால் இதற்கு இரண்டாம் நிலைக் கனிமம் என்று பெயர்.

ஏழு நீர் மூலக்கூறுகள் கொண்டது கோஸ்லரைட். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் இயங்கி 1988ல் மூடப்பட்ட ராமெல்ஸ்பெர்க் சுரங்கத்தை ஒட்டியுள்ள ஜெர்மன் நகரம் கோஸ்லரின் பெயர் அது. ஆறு கொண்ட பியாங்கைட் 1930ல் இத்தாலியின் ரைபிள் சுரங்கத்திலிருந்து அறிவிக்கப்பட்டது. ஒன்று மட்டுமே கொண்ட கன்னிங்கைட் 1962ல் கனடாவின் யூகான் பகுதியிலிருந்து வந்தது.

ஹைட்ராக்சைடும் சேர்ந்த இன்னொரு குடும்பத்திலும் இதே கணக்குதான். நான்கு நீர் மூலக்கூறுகளுடன், சிறிது செம்பும் கலந்த நாமுவைட் 1982ல் விவரிக்கப்பட்டது. வேல்ஸ் தேசிய அருங்காட்சியகத்தின் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கமே அதன் பெயராயிற்று. ஐந்து கொண்ட ஒசாகாயைட்டை ஜப்பானின் ஹிராவோ சுரங்கத்திலிருந்து மசாயுகி ஓனிஷி குழுவினர் 2007ல் வெளியிட்டனர். மூன்று கொண்ட லான்ஸ்டைனைட்டுக்கு 2012ல் அங்கீகாரம் கிடைத்தது. ஜெர்மனியின் ஃப்ரீட்ரிஷ்சேகன் சுரங்கத்தில், இரும்புத் தாதுவின் பொந்துகளில் நிறமற்ற சிறு தகடுகளாக அது இருந்தது.

கண்டெடுப்பதைவிடக் காப்பாற்றுவதுதான் கடினம். ஈரமான சுரங்கத்திலிருந்து வெளியே வந்ததும் கோஸ்லரைட் நீரை இழந்து வெளிறிப் பொடியாகிறது. ஒரு பெயரோடு பெட்டிக்குள் போன மாதிரி, வேறொரு கனிமமாக வெளியே வரலாம். எனவே மூடிய குப்பியில் எடுத்துச் செல்ல வேண்டும். ஆய்வுக் கருவியின் எலெக்ட்ரான் கற்றைகூட நீரை விரட்டிக் கணக்கைக் கெடுத்துவிடும். எக்ஸ்ரே சோதனைதான் அணுக்களின் அடுக்கைக் காட்டி அடையாளத்தை உறுதி செய்கிறது.

இவ்வளவும் முடித்த பிறகு சர்வதேசக் கனிமவியல் சங்கத்தின் ஆணையத்திடம் விண்ணப்பிக்க வேண்டும். 1959ல் தொடங்கப்பட்ட ஏற்பாடு இது. உறுப்பினர்கள் வாக்களிக்கிறார்கள். மூல மாதிரியை அருங்காட்சியகத்தில் ஒப்படைக்க வேண்டும். கண்டுபிடித்தவர் தன் பெயரையே சூட்டிக்கொள்ள முடியாது.

சுரண்டி எறியக்கூடிய உப்புக்கு ஏன் இத்தனை பாடு? மழை பெய்தால் விளங்கும். கோஸ்லரைட் நீரில் சுலபமாகக் கரைந்துவிடும். கோடை முழுவதும் சுவரிலும் கழிவுக் குவியலிலும் சேர்ந்தது, முதல் பெருமழையிலேயே ஓடைக்குப் போய்விடும். பயிருக்கு அளவோடு மருந்தாகும் துத்தநாகம், அளவு மீறினால் மீன்களுக்கு நஞ்சு. ஹைட்ராக்சைடு சேர்ந்த கனிமங்கள் அவ்வளவு சுலபமாகக் கரைவதில்லை. உலோகத்தை அதிக காலம் பிடித்து வைக்கின்றன. சுவரில் இருப்பது எது என்று தெரிந்தால்தான், மூடிய சுரங்கம் எப்போது எவ்வளவு கக்கும் என்று மதிப்பிட முடியும்.

இதில் மனிதனின் பங்கும் உண்டு. மனிதச் செயல்களால் மட்டுமே, அல்லது முக்கியமாக அவற்றால் உருவான கனிமங்கள் 208 என்று 2017ல் அமெரிக்க ஆய்வாளர்கள் பட்டியலிட்டனர். அவற்றில் பல சுரங்கங்களில் பிறந்தவை. தாதுவை அள்ளிக்கொண்டு மனிதன் போய்விட்டாலும், அவன் திறந்துவிட்ட காற்றும் நீரும் உள்ளே வேலையைத் தொடர்கின்றன.