செம்மரம் ஏன் அழிகிறது? கணிதமும் பொருளாதாரமும் தரும் விளக்கம்

திருப்பதி: ஆந்திரப் பிரதேசத்தின் சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் செம்மரக் கடத்தலைத் தடுக்கச் சிறப்புக் காவல் படை, சோதனைச் சாவடிகள், கடுமையான சட்டங்கள் எனப் பல நடவடிக்கைகள் எடுக்கப்பட்டுள்ளன. ஆயினும் கடத்தல் முற்றிலும் ஓயவில்லை. இதற்குக் காவல் குறைபாடு மட்டுமே காரணம் அல்ல என்பதைச் சூழலியல், கணிதம், பொருளாதாரம் ஆகிய துறைகளின் ஆய்வுகளை ஒருங்கே நோக்கும்போது அறிய முடிகிறது.

மெதுவாக வளரும் மரம்

செஞ்சந்தனம் என்றும் அழைக்கப்படும் செம்மரம், உலகில் கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில் மட்டுமே இயற்கையாக வளர்கிறது. சேஷாசலம் மலைத்தொடரின் வறண்ட, பாறைகள் நிறைந்த நிலம் இதன் முதன்மையான வாழிடமாகும். சித்தூர், கடப்பா மாவட்டங்களில் பரவியிருந்த இம்மலைப்பகுதி 2010-ஆம் ஆண்டு உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. பின்னர் 2022 ஏப்ரலில் சித்தூர் மாவட்டம் பிரிக்கப்பட்டுத் திருப்பதி மாவட்டம் உருவானது.

இம்மரத்தின் விலை அதன் சிவந்த வைரப்பகுதியில் அடங்கியுள்ளது. சீனாவில் அறைகலன்கள் செய்யவும், ஜப்பானில் ஷாமிசென் என்னும் நரம்பிசைக் கருவி செய்யவும் இது பயன்படுகிறது. ஆனால் வைரப்பகுதி போதிய அளவு முதிர்வதற்குப் பல பத்தாண்டுகள் ஆகும். அழிவின் விளிம்பை நெருங்கும் உயிரினங்களின் வணிகத்தை முறைப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் செம்மரம் 1995 முதல் இடம்பெற்றுள்ளது.

வட்டியை வெல்ல முடியாத வளர்ச்சி

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகக் கணிதவியலாளர் காலின் கிளார்க், 1973-ஆம் ஆண்டு திமிங்கில வேட்டையை ஆராய்ந்து ஒரு முக்கிய முடிவை வெளியிட்டார். ஓர் உயிரினம் பெருகும் வேகம் பணத்தின் வட்டி விகிதத்தைவிடக் குறைவாகவும், அதைப் பிடிக்கும் செலவு விலையைவிடக் குறைவாகவும் இருந்தால், இலாபத்தை மட்டுமே கருதுபவருக்கு அதைப் பாதுகாப்பதைவிட முழுவதுமாக விற்றுப் பணமாக்குவதே ஆதாயமாகத் தோன்றும் என்பதே அம்முடிவு.

இதை எளிய கணக்கால் விளக்கலாம். இன்று 100 ரூபாய் மதிப்புள்ள ஒரு மரத்தின் மதிப்பு ஆண்டுக்கு 3 சதவீதம் உயர்வதாகக் கொண்டால், 30 ஆண்டுகளில் அது சுமார் 243 ரூபாய் ஆகும். அதே மரத்தை இன்றே விற்று, கிடைத்த தொகையை 8 சதவீதக் கூட்டு வட்டியில் வைத்தால், 30 ஆண்டுகளில் சுமார் 1,006 ரூபாய் கிடைக்கும். மரம் காட்டில் நிற்பதைவிட வெட்டப்படுவதே இலாபம் என்னும் நிலை இவ்வாறு உருவாகிறது. தனக்குச் சொந்தமில்லாத மரத்தை வெட்டுபவருக்கோ காத்திருப்பதால் எந்தப் பயனும் இல்லை. அவர் விட்டுச்செல்லும் மரத்தை வேறொருவர் வெட்டிவிடக்கூடும்.

தண்டனை யாருக்கு?

குற்றம் புரிபவர் கிடைக்கும் இலாபத்தையும், பிடிபடும் வாய்ப்பையும், தண்டனையின் கடுமையையும் எடைபோட்டே முடிவெடுக்கிறார் என்று அமெரிக்கப் பொருளியலாளர் கேரி பெக்கர் 1968-ஆம் ஆண்டு விளக்கினார். செம்மரக் கடத்தலில் இலாபம் ஒருவருக்கும் ஆபத்து வேறொருவருக்கும் செல்கிறது. காட்டில் பிடிபடுபவர்கள் பெரும்பாலும் கூலிக்கு மரம் வெட்டுபவர்களே. வெளிநாட்டுச் சந்தைக்குக் கட்டைகளை அனுப்புபவர்கள் காட்டுக்குள் வருவதில்லை.

2015 ஏப்ரல் 7 அன்று சந்திரகிரி அருகே சேஷாசலம் வனப்பகுதியில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் தமிழ்நாட்டைச் சேர்ந்த 20 தொழிலாளர்கள் உயிரிழந்தனர். தொழிலாளர்கள் தாக்கியதால் தற்காப்புக்காகச் சுட நேர்ந்ததாகக் காவல்துறை கூறியது. மனித உரிமை அமைப்புகள் அதை ஏற்க மறுத்தன. அத்தனை உயிர்கள் பலியான பின்னரும் கடத்தல் நிற்கவில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

சட்டப்படியான விற்பனை தீர்வாகுமா?

பறிமுதல் செய்யப்பட்ட செம்மரக் கட்டைகளை ஆந்திர அரசு 2014-ஆம் ஆண்டு உலகளாவிய மின்னணு ஏலத்தில் விற்றது. தனியார் நிலத்தில் வளர்க்கப்பட்ட செம்மரங்களை ஏற்றுமதி செய்ய மத்திய அரசு 2019-இல் வழிவகை செய்தது. சட்டப்படி கிடைக்கும் மரம் பெருகினால் கடத்தல் மரத்திற்கான தேவை குறையும் என்பது இதற்குச் சொல்லப்படும் காரணமாகும்.

எனினும் இது எப்போதும் பலன் தரும் என்று கூற இயலாது. ஆப்பிரிக்க நாடுகள் நான்கு 2008-ஆம் ஆண்டு சீனாவுக்கும் ஜப்பானுக்கும் தந்தங்களைச் சட்டப்படி விற்றன. அதன் விளைவை 2016-இல் ஆராய்ந்த சாலமன் சியாங், நிதின் சேகர் ஆகியோர், அந்த விற்பனைக்குப் பின் யானை வேட்டை குறையாமல் அதிகரித்ததாகத் தெரிவித்தனர். சட்டப்படியான பொருளுக்கு நடுவே கடத்தல் பொருளை மறைத்து விற்பது எளிதாகிவிடும் என்பதை அவர்கள் ஒரு காரணமாகச் சுட்டினர். இந்த முடிவை மறுக்கும் ஆய்வாளர்களும் உள்ளனர்.

எனவே தோட்டத்தில் வளர்ந்த மரத்தையும் காட்டில் வெட்டப்பட்ட மரத்தையும் பிரித்தறிவது இன்றியமையாததாகிறது. இங்கு தொழில்நுட்பம் கைகொடுக்கிறது. மரம் வளர்ந்த இடத்தின் நீர், மண், காலநிலைக்கு ஏற்ப அதிலுள்ள ஆக்சிஜன், ஹைட்ரஜன் முதலிய தனிமங்களின் ஐசோடோப்பு விகிதங்கள் மாறுபடும். இவற்றையும் மரபணுக் குறியீடுகளையும் கொண்டு மரத்தின் பிறப்பிடத்தை அறியும் முறைகள் உலக மர வணிகத்தில் பயன்படுத்தப்படுகின்றன. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்கப் பல்வேறு பகுதிகளின் மாதிரிகள் முன்கூட்டியே சேகரிக்கப்பட்டிருக்க வேண்டும்.

விவசாயிகளுக்குப் பங்கு

காத்திருப்பவருக்கும் வருவாய் கிடைக்கச் செய்யும் முயற்சிகளும் தொடங்கியுள்ளன. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட தேசிய பல்லுயிர் ஆணையம், செம்மர வணிகத்தின் பயன்பகிர்வுத் தொகையாக 2025-ஆம் ஆண்டு திருவள்ளூர் மாவட்டத்தைச் சேர்ந்த 18 விவசாயிகளுக்கு 55 லட்சம் ரூபாய் ஒதுக்கியது. ஆந்திரத்தில் 198 விவசாயிகளுக்கும் ஒரு கல்வி நிறுவனத்திற்கும் 3 கோடி ரூபாய் வழங்கவும் ஒப்புதல் அளித்தது.

மரத்தின் வளர்ச்சியை விரைவுபடுத்த இயலாது. ஆனால் அதை வளர்ப்பவர் காத்திருக்கும் காலத்திற்கு ஈடு தரவும், மரம் எங்கிருந்து வந்தது என்பதை உறுதிப்படுத்தவும், கூலித் தொழிலாளியைக் கடந்து வணிகரைச் சென்றடையும் விசாரணையை வலுப்படுத்தவும் இயலும். இம்மூன்றும் இணைந்தால்தான், செம்மரம் காட்டில் நிற்பதும் இலாபமே என்னும் நிலை உருவாகும்.