அமுதசுரபியை யார் கையில் கொடுப்பது?

"வாரத்துல லீவே ஒரு நாள். அதுலயும் சண்டையா?" என்று கேட்டாள் என் மனைவி.

சண்டை எதற்கு என்று சொன்னால் நீங்களும் சிரிப்பீர்கள். சொத்துத் தகராறு இல்லை. சீட்டுப் பணம் இல்லை. ஒரே ஒரு பிச்சைப் பாத்திரம். அதுவும் கண்ணால் பார்க்க முடியாத பாத்திரம்!

விவரமாகவே சொல்லிவிடுகிறேன். மதுரை எஸ்.எஸ். காலனியில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஞாயிறு சாயங்காலம் நாலு பேர் கூடுவோம். ஒருவர் பேங்க் கேஷியர், எங்களில் மூத்தவர், எல்லோருக்கும் அண்ணன். ஒருவன் மெடிக்கல் ரெப், என் வயசு. இன்னொருவர் டியூஷன் சென்டர் நடத்தும் வாத்தியார். நாலாவது அடியேன். ரொம்ப நாள் வரைக்கும் கீழ் வீட்டு மாமி நாங்கள் சீட்டாடுகிறோம் என்றே நினைத்துக்கொண்டிருந்தார். உண்மையைச் சொன்ன பிறகு, "சீட்டே தேவலை" என்றார்.

நாங்கள் ஆடுவது கதை ஆட்டம். அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசன் என்று இரண்டு பேர் சேர்ந்து 1974-ல் வெளியிட்ட 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற ஆட்டத்தின் வம்சம். போர்டு கிடையாது, காய் நகர்த்தல் கட்டாயமில்லை. ஒருவர் கதை சொல்லி. மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். "மதில் மேல் ஏறுகிறேன்" என்று நீங்கள் சொன்னால், 20 முகம் உள்ள பகடையை உருட்ட வேண்டும். பெரிய எண் விழுந்தால் ஏறிவிட்டீர்கள். சின்ன எண் விழுந்தால் அகழியில் முதலை.

இதெல்லாம் வெள்ளைக்காரன் சமாசாரம் என்று மதுரைக்காரர் யாரும் ஒதுக்க முடியாது. சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்கும்போது பெட்டிக்குள் கையை விட்டு, என்ன கலர் பட்டு வருகிறதோ அதை உடுத்துவார்கள். பச்சை வந்தால் வருஷம் செழிப்பு என்று லட்சம் பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோமே... அதைவிடப் பெரிய பகடை உருட்டல் உண்டா, ஸார்?

எங்கள் கதை நடக்கிற இடம் பழைய பாண்டிய நாடு. டிராகன் இல்லை, அல்லி ராணி இல்லை. வைகை, பஞ்சம், திருடர்கள், கண்மாய், ஒரு பேராசைக்கார நாட்டாமை. இந்த ஊருக்கு என்ன நடந்தது, எந்தச் சாமி யாருக்கு என்ன வாக்குக் கொடுத்தது என்பதையெல்லாம் வாத்தியார் ஒரு நீள நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். நான் ஏதாவது உளறினால் பக்க எண்ணோடு பிடித்துவிடுவார். ஒருமுறை சங்கப் பலகையைப் பறக்கவிடப் பார்த்தேன். "பலகை பறக்காது. உட்காரத் தகுதியுள்ள புலவர் வந்தால் இடம் கொடுக்கும். அவ்வளவுதான் அதுக்குத் தெரிஞ்ச வேலை" என்று தரையிறக்கிவிட்டார்.

கதை சொல்லி நான்தான். தப்பும் என்னுடையதுதான்.

அந்த வாரம் ஆபீஸில் ஆடிட். ராத்திரி ஒன்பது மணி வரைக்கும் வவுச்சர் தேடிய களைப்பு. ஞாயிற்றுக்கிழமை ஒரு தயாரிப்பும் இல்லாமல் உட்கார்ந்தேன். ரெப் ஒரு கொள்ளைக்கூட்டத்தை முறியடித்துவிட்டு, "மாப்ள, எனக்கு என்ன பரிசு?" என்றான். யோசிக்காமல் வாயில் வந்ததைச் சொன்னேன்.

"அமுதசுரபி!"

எடுக்க எடுக்கக் குறையாத சோறு. ரெப்பின் முகத்தைப் பார்க்க வேண்டுமே... இன்சென்டிவ் செக் வந்தபோதுகூட அப்படி மலர்ந்ததில்லை. அடுத்த வாரமே ஆயிரம் பேர் கொண்ட படை திரட்டிவிட்டான். சம்பளம் பாக்கி இருந்தாலும் மூன்று வேளைச் சாப்பாடு என்றால் ஆள் சேராதா? நாட்டாமையின் நெல் குதிருக்கு மதிப்பில்லை. பஞ்சத்தை நம்பி நான் போட்டு வைத்திருந்த முடிச்சுகள் அத்தனையும் இலையில் வைத்த அப்பளமாக நொறுங்கின.

அது போனால் போகிறது. கேஷியர் அண்ணன்தான் எழுந்துவிட்டார்.

அண்ணனின் பாத்திரம் ஒரு சாதாரணக் குடியானவன். வாள் கிடையாது, மந்திரம் கிடையாது. பதினாலு மாசமாக, ஞாயிறு தவறாமல், அவர் ஒரு கண்மாய் கட்டிக்கொண்டிருந்தார். கரைக்கு மண் சுமக்க ஆள் பிடித்தது, மடைக்குக் கல் கொண்டுவந்தது, மேல்மடைக்காரனுக்கும் கீழ்மடைக்காரனுக்கும் பஞ்சாயத்துப் பேசியது எல்லாமே பகடை உருட்டி உருட்டி. நடுவில் இரண்டு தடவை கரை உடைந்தது. மனுஷன் முதலிலிருந்து ஆரம்பித்தார்.

"ஒரு சட்டில ஊருக்கே சோறு வந்துருச்சுல்ல தம்பி... அப்புறம் நான் எதுக்கு கரை கட்டுனேன்?" என்றார் என்னைப் பார்த்து. சத்தம் போடவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டார்.

மூன்று வாரம் வரவில்லை. போன் செய்தால், "பேங்க்ல வேலை தம்பி" என்பார். ஞாயிற்றுக்கிழமை என்ன பேங்க் வேலை?

டீக்கடையில் ரெப்தான் சொன்னான். "அண்ணன் ஊரு திருமங்கலம் பக்கம் மாப்ள. கண்மாய் தூர்ந்து போயி, அவங்கப்பா நெலத்த வித்துட்டுத்தான் டவுனுக்கு வந்தாராம். எனக்கே இப்பத்தான் தெரியும்." டீ ஆறிப்போச்சு.

பாத்திரத்தைப் பிடுங்கிவிடலாம். 'திருடன் கொண்டுபோய்விட்டான்' என்று ஒரு வரி சொன்னால் போதும். ஆனால் அது மட்டமான வேலை. கொடுத்ததைப் பிடுங்கும் கதை சொல்லியை யாரும் நம்பமாட்டார்கள். சரி, இந்தச் சட்டியின் பூர்வீகம்தான் என்ன என்று மணிமேகலையை எடுத்தேன். பள்ளிக்கூடத்தில் ஐந்து மார்க்குக்குப் படித்ததோடு சரி.

படித்தால்... அடடா! எழுதினவரே நம்ம ஊர்க்காரர். மதுரைக் கூலவாணிகன் சாத்தனார். கூலம் என்றால் தானியம். தானிய வியாபாரி உட்கார்ந்து, என்றைக்கும் தீராத சோற்றுப் பாத்திரத்தைப் பற்றி எழுதியிருக்கிறார்! சொந்தப் பிழைப்பில் மண் போடும் பொருளாயிற்றே. அதனால்தானோ என்னவோ, அதற்கு அத்தனை கட்டுப்பாடு வைத்தார்.

அந்தப் பாத்திரம் முதலில் வந்ததே மதுரையில்தான். ஆபுத்திரன் என்ற அநாதை. சிந்தாதேவி கோயில் வாசலில் இருந்துகொண்டு, வீடு வீடாகப் பிச்சை எடுத்து, கண் தெரியாதவர், காது கேளாதவர், நடக்க முடியாதவர் எல்லோருக்கும் போட்டுவிட்டு, மிச்சத்தைத் தின்று, திருவோட்டையே தலைக்கு வைத்துத் தூங்குகிறவன். ஒரு மழை ராத்திரி பசியோடு சிலர் வருகிறார்கள். கையில் ஒன்றுமில்லை. தவிக்கிறான். அப்போதுதான் தேவி பாத்திரத்தைத் தருகிறாள். பரிசாக இல்லை ஸார், ஏற்கெனவே அவன் பார்த்துக்கொண்டிருந்த வேலைக்குக் கருவியாக!

அப்புறம்தான் விசேஷம். இந்திரன் வந்து "என்ன வரம் வேண்டும்?" என்கிறான். ஆபுத்திரன் சிரித்துவிடுகிறான். பசித்தவனே இல்லாத உன் உலகத்தில் எனக்கென்ன வேலை என்கிற மாதிரி. இந்திரனுக்குக் கோபம். என்ன செய்தான் தெரியுமா? சாபம் கொடுக்கவில்லை. மழையைக் கொடுத்தான்! பன்னிரண்டு வருஷம் வறண்டு கிடந்த பாண்டிய நாடு செழித்துவிட்டது. சோறு வாங்க ஆளில்லை. ஆபுத்திரன் ஊர் ஊராகப் போய், "பசிக்கிறவர் உண்டா?" என்று கேட்கிறான். ஜனங்கள் அவனைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

சாவக நாட்டில் பஞ்சம் என்று கேள்விப்பட்டுக் கப்பல் ஏறுகிறான். வழியில் மணிபல்லவத் தீவில் இறங்க, அவன் ஏறிவிட்டதாக நினைத்துக் கப்பல் கிளம்பிவிடுகிறது. மனுஷ நடமாட்டமே இல்லாத தீவு. ஊருக்குப் போடும் பாத்திரத்தைத் தன் ஒரு வயிற்றுக்கு வைத்துக்கொள்ள மனசில்லாமல், கோமுகிப் பொய்கையில் விடுகிறான். வருஷத்தில் ஒரு நாள் மட்டும் மேலே வா, தர்மம் செய்கிறவர் வந்தால் அவர் கையில் போய்ச் சேர் என்று சொல்லிவிட்டு, பட்டினி கிடந்து உயிரை விடுகிறான். அந்த நாளில்தான் மணிமேகலை அங்கே நிற்கிறாள். அவளும் உடனே அள்ளிப் போட முடியாது. முதல் பிச்சையை ஆதிரை கையால் வாங்கிய பிறகே பாத்திரம் சுரக்கிறது.

யார் கொடுத்தது, எதற்குக் கொடுத்தது, எப்போது வேலை செய்யாது, சொந்தக்காரன் போன பிறகு எங்கே கிடந்தது... நான் ஆடிட் களைப்பில் ஒரே வார்த்தையில் தூக்கிக் கொடுத்த பொருளுக்கு இவ்வளவு ரிக்கார்டு!

திருவிளையாடல் புராணத்திலும் இதே கெட்டிக்காரத்தனம். உக்கிரபாண்டியனுக்கு வேல், வளை, செண்டு என்று மூன்று பொருள் தருகிறார் சிவபெருமான். ஒரு படலம் அதற்கே. அடுத்த மூன்று படலத்தில் மூன்றுக்கும் வேலை வந்துவிடுகிறது. மதுரை மேல் பொங்கி வந்த கடல் வற்ற வேல். மழைத் தகராறில் இந்திரனின் கிரீடத்தில் அடிக்க வளை. பஞ்சத்தில் மேரு மலையை அடித்துப் பொன் வாங்கச் செண்டு. அதிலும் பாண்டியன் வேண்டியதை எடுத்துக்கொண்டு மீதியை மூடி முத்திரை வைத்துவிட்டு வருகிறான். ஸ்டாக்கில் மிச்சம், பாதுகாப்பாக!

வெள்ளைக்காரர்களும் இதில் இடறி விழுந்து எழுந்தவர்கள்தான். டோல்கீன் 1937-ல் 'ஹாபிட்' எழுதியபோது அந்த மோதிரம் வெறும் மறைந்துபோகும் மோதிரம். விடுகதைப் போட்டியில் தோற்றால் அதைப் பரிசாகக் கொடுத்துவிடவே கோலம் என்ற அந்தப் பிராணி தயாராக இருந்தது. பிறகு 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' எழுதும்போது அதே மோதிரம் உலகையே ஆட்டிப்படைக்கும் பொருளாகிவிட்டது. அப்பேர்ப்பட்ட மோதிரத்தை யாராவது சும்மா தூக்கிக் கொடுப்பார்களா? 1951-ல் ஹாபிட்டின் அந்த அத்தியாயத்தையே திருத்தி எழுதினார். பழைய பதிப்பைப் படித்தவர்களுக்கு என்ன பதில்? 'பில்போ முதலில் பொய் சொல்லிவிட்டான்' என்று கதைக்குள்ளேயே ஒரு காரணம்! எழுத்தாளர் செய்த தப்பைக் கதாநாயகன் தலையில் கட்டுவது... நம்ம ஆபீஸில் தினமும் நடக்கிறதே.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸிலும் ஒரு மாயப் பை உண்டு. 2014 பதிப்பின் விதிப்படி, கிட்டத்தட்ட 225 கிலோ அடைக்கலாம். தூக்கினால் எப்போதும் 7 கிலோதான். ஒரு பைக்குள் இன்னொரு மாயப் பையைத் திணித்தால் இரண்டும் அழிந்து, பக்கத்தில் நிற்கிறவரையும் வேறு உலகத்துக்கு இழுத்துக்கொண்டு போய்விடும். சக்தி வாய்ந்த பொருள் பலவும் உடையவனோடு பழகிய பிறகே வேலை செய்யும். அப்படி ஒரே சமயத்தில் பழகிக்கொள்ளக்கூடியது மூன்றே மூன்று. நம்ம உக்கிரபாண்டியன் கணக்கு!

எனக்கு வழி தெரிந்துவிட்டது. பாத்திரத்தைப் பிடுங்க வேண்டாம். அண்ணனுக்கு மழை கொடுத்தால் போதும்.

நேரே அண்ணன் வீட்டுக்குப் போனேன். "அண்ணே, தப்பு என்னோடது. இந்த ஞாயிறு மட்டும் வாங்க. புடிக்கலேன்னா அப்புறம் வர வேணாம்" என்றேன். அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. அண்ணிதான் காபி கொண்டுவந்து, "ஞாயித்துக்கிழமையானா அந்தப் பகடையை எடுத்து எடுத்துப் பாத்துட்டு உள்ள வைக்கிறாருங்க" என்று போட்டுக்கொடுத்தார்.

வந்தார். வந்ததும் ஒரு கண்டிஷன். இனி மாயப்பொருள் எது வந்தாலும் வாத்தியார் நோட்டில் வரவு வைக்க வேண்டும். "அழகர் மலைய விட்டுக் கிளம்பும்போதே, பதினெட்டாம்படிக் கருப்பு முன்னாடி நகைக் கணக்கு வாசிச்சுட்டுத்தான் வர்றாரு. நமக்கென்ன கேடு?" என்றார். கேஷியர் ஆயிற்றே. வாத்தியார் அப்போதே பக்கம் கிழித்துக் கோடு போட்டார்.

ஆட்டம் தொடங்கியது. "மேற்கே இருட்டிக்கிட்டு வருது" என்றேன். "அண்ணே, கரை தாங்குதான்னு உருட்டுங்க."

அண்ணன் பகடையைக் கையில் வைத்துக்கொண்டே ரொம்ப நேரம் இருந்தார். உருட்டினார். 17.

கரை நின்றது. மூன்றாம் நாள் கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்தது. அறுவடை வந்தது. ரெப்பின் படையில் முதல் வாரம் நூறு பேர் கழன்றார்கள். அடுத்த வாரம் நானூறு. சொந்த வயலில் நெல் விளையும்போது எவன் படைச் சோறு தின்பான்?

ரெப் முதலில் முறைத்தான். பிறகு பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாகப் போனான். ஊர்ஜனமாக நான்தான் பேச வேண்டும். "வேணாம் சாமி, இப்பத்தான் சாப்பிட்டோம்" என்று வீட்டுக்கு வீடு சொன்னேன். கடைசியில் அண்ணன் வீட்டு வாசலுக்கு வந்து நின்றான்.

"அண்ணே, ஒங்க ஊர்ல ஒருத்தனுக்குமா பசிக்கல?"

"இல்லடா தம்பி. வேணும்னா நீ உக்காந்து சாப்ட்டுட்டுப் போ."

வாத்தியார் எழுதுவதை நிறுத்திவிட்டார். ரெப் கொஞ்ச நேரம் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு பகடையை எடுத்து என் பக்கம் திரும்பினான்.

"மாப்ள, தொண்டியில இருந்து கப்பல் எதுவும் கெளம்புதா?"