பல் சொல்லும் சாட்சி

தீர்த்தமலைக்குப் போகிறவர்களில் பெரும்பாலானோர் தண்ணீருக்காகவே போகிறார்கள். செங்குத்துப் பாறையின் இடுக்கிலிருந்து ராம தீர்த்தம் விழுகிறது. அகஸ்தியர், கௌரி, குமாரர், அக்னி பெயர்களில் மற்ற தீர்த்தங்கள் தீர்த்தகிரீசுவரர் கோயிலைச் சுற்றி இருக்கின்றன. அருணகிரிநாதர் பாடிய தலம். நோய் தீர்க்கும் தண்ணீர் என்று நம்பி, குளித்தது போக பாட்டிலிலும் பிடித்துக்கொண்டு இறங்குகிறார்கள். இறங்கினால் அரூர் வட்டத்தின் வறண்ட நிலம். இங்கே பல தலைமுறைக்கு அன்றாடத் தண்ணீர் என்றால் கிணற்றுத் தண்ணீர், பிறகு போர் தண்ணீர். தெளிவான தண்ணீர்தான். நாற்றம் இல்லை, நிறம் இல்லை. அதில் கரைந்திருக்கும் ஃப்ளோரைடைக் கண்ணும் நாக்கும் கண்டுபிடிக்காது. பல் கண்டுபிடிக்கும்; ஆனால் அது வாயைத் திறந்து சொல்வதற்கு ஏழெட்டு வருடம் ஆகிவிடும்.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பள்ளிக்கூட வாசலில் நின்று பிள்ளைகள் சிரிப்பதைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். முன்பற்களில் வெளிறிய திட்டுகள், சிலருக்குக் காவி நிறக் கோடுகள், இன்னும் சிலருக்கு அரித்த பள்ளங்கள். சரியாகத் தேய்க்காததால் வந்த கறை என்று ஊரில் சொல்வார்கள். எந்தப் பற்பொடியாலும் அது போகாது. ஏனென்றால் அது பல்லின் மேல் படிந்தது அல்ல, பல் உருவாகும்போதே உள்ளே நேர்ந்தது. நிலைத்த பற்களின் எனாமல், ஈறுக்குள் மறைந்திருக்கும் காலத்திலேயே, அதாவது பிறந்ததிலிருந்து எட்டு வயதுக்குள், பெரும்பாலும் உருவாகி முடிந்துவிடுகிறது. முதலில் புரதச் சட்டகம் வருகிறது. பிறகு புரதம் நீங்கி அந்த இடத்தைச் சுண்ணச் சத்துப் படிகங்கள் நிரப்புகின்றன. ஃப்ளோரைடு மிகுந்தால் இந்தப் புரதம் நீங்கும் வேலை கெட்டுப்போகிறது. எனாமல் நுண்துளைகளோடு நின்றுவிடுகிறது. பல் முளைத்த பின் அந்தத் துளைகளில் நிறம் ஏறுகிறது.

இதில் ஒரு வியப்பு உண்டு. இருபது வயதில் இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பெண், அடுத்த முப்பது வருடம் இதே தண்ணீரைக் குடித்தாலும் அவள் பல்லில் இந்தத் திட்டு வராது. எலும்பும் மூட்டும் பாதிக்கப்படலாம், பல் பாதிக்கப்படாது. ஆகவே ஒரு பிள்ளையின் முன்பல்லில் இந்த வகைக் காவி இருக்கிறது என்றால் அதற்கு ஒரே பொருள்தான்: கைக்குழந்தையாகவும் சிறு பிள்ளையாகவும் இருந்த வருடங்களில் அளவுக்கு மீறிய ஃப்ளோரைடு அந்த உடம்புக்குள் போயிருக்கிறது. அழிக்க முடியாத கல்வெட்டு அது. அதே வருடங்களில்தான் மூளையும் வளர்கிறது. ஆறு வயதுக்குள் மூளை, வளர்ந்த மனிதனின் மூளை அளவில் ஏறக்குறைய 90 விழுக்காட்டை எட்டிவிடுகிறது. பல்லில் பதிந்தது தெரிகிறது. மூளையில் என்ன பதிந்தது?

அதற்குப் போகுமுன், இந்த ஃப்ளோரைடு எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும். சாயப்பட்டறையோ தொழிற்சாலையோ இதற்குக் காரணம் இல்லை. தருமபுரி நிற்பது நைஸ், சார்னோகைட் போன்ற பழம்பாறைகளின் மேல். அவற்றில் உள்ள அபடைட், பயோடைட், ஃப்ளோரைட் போன்ற கனிமங்களில் ஃப்ளோரின் இருக்கிறது. மழைநீர் பாறை வெடிப்புகளில் நெடுங்காலம் தங்கும்போது அது மெல்லக் கரைகிறது. தண்ணீரில் கால்சியம் நிறைய இருந்தால் ஃப்ளோரைடைப் பிடித்துப் படியவைத்துவிடும். வறண்ட நிலத்திலோ கால்சியம் முன்கூட்டியே சுக்கான்கல்லாகப் படிந்துவிடுகிறது. மிஞ்சுவது சோடியமும் பைகார்பனேட்டும் மிகுந்த காரத் தண்ணீர். ஃப்ளோரைடு சுகமாகக் கரைந்து கிடக்க ஏற்ற இடம். போர் ஆழமாகப் போகப்போக, பாறையோடு அதிக காலம் கிடந்த தண்ணீரை நாம் எடுக்க நேர்கிறது. அடுத்தடுத்த இரண்டு தோட்டத்து போர்களில்கூட அளவு வேறுபடும். ராம தீர்த்தத்தில் எவ்வளவு என்பதையும் சோதனைக் குழாய்தான் சொல்ல வேண்டும், தல புராணம் சொல்லாது.

குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை நல்லது, வேறு வழியே இல்லையென்றால் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் கணக்கு. உலக சுகாதார நிறுவனத்தின் எல்லையும் 1.5தான். தருமபுரி மாவட்டத்தின் பல போர்கள் இந்தக் கோட்டைத் தாண்டியவை.

பல் கறைக்கும் தண்ணீருக்கும் தொடர்பு உண்டு என்று முதலில் சந்தேகப்பட்டவர்களில் ஒருவர் அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் ஊருக்கு 1901இல் போன பல் மருத்துவர் ஃபிரெடரிக் மெக்கே. முப்பது வருடம் அவருக்குக் காரணம் பிடிபடவில்லை. 1931இல் ஒரு அலுமினியக் கம்பெனியின் வேதியியலாளர் சர்ச்சில், தண்ணீரில் இருந்த ஃப்ளோரைடைக் கண்டுபிடித்தார். ஆறு வருடத்தில் சென்னை மாகாணத்திலிருந்து அதைவிடக் கடுமையான செய்தி போனது. நெல்லூர்ப் பகுதியில் பல் மட்டுமல்ல, முதுகெலும்பும் இறுகி மனிதர்கள் கூன் விழுந்து கிடக்கிறார்கள் என்று ஷார்ட்டும் அவருடைய சகாக்களும் 1937இல் எழுதினார்கள்.

நரம்பு மண்டலத்துக்கு ஃப்ளோரைடு செய்யும் தீங்கு முதலில் ஐயமற நிறுவப்பட்டது அங்கேதான், முதுகெலும்பில். 1955இல் நல்கொண்டாவைப் பற்றி சித்திகி எழுதினார். பிறகு பஞ்சாபில் அமர்ஜித் சிங், ஜாலி ஆகியோரும் எழுதினார்கள். முள்ளெலும்பு தடித்து, இணைநார்கள் சுண்ணமாகி, உள்ளே ஓடும் தண்டுவடத்தை நெருக்குகின்றன. கால் மரத்துப்போகிறது, நடை போகிறது. இங்கே ஃப்ளோரைடு நரம்பைத் தொடவில்லை, எலும்புதான் தொட்டது. மன நலம் பற்றிப் பேசும்போதும் இதை மறக்கக் கூடாது. முப்பத்தைந்து வயதில் குனிந்து நடவு நட முடியாதவருக்கு மனச்சோர்வு வர, நஞ்சு மூளைக்குள் போய்ச் சேர வேண்டும் என்ற அவசியமே இல்லை. உதட்டை மூடிக்கொண்டு போட்டோவுக்கு நிற்கும் பதினாறு வயதுப் பெண்ணின் கூச்சத்துக்கும் அப்படித்தான்.

மூளைக்கு நேரடியாக என்ன நடக்கிறது என்ற கேள்வியில்தான் இருபது வருடமாகச் சண்டை. சீனாவின் ஜியாங்சு மாகாணத்தில் வாமியாவ், ஷின்ஹுவாய் என்று இரண்டு கிராமங்கள். முதல் ஊரின் தண்ணீரில் ஃப்ளோரைடு சராசரி 2.47 மில்லிகிராம், இரண்டாவதில் 0.36. எட்டு முதல் பதின்மூன்று வயது வரையான 512 பிள்ளைகளைச் சோதித்து 2003இல் முடிவை வெளியிட்டார்கள். சராசரி ஐ.க்யூ முதல் ஊரில் 92, இரண்டாவதில் 100. குஜராத்திலும் கர்நாடகத்திலும் இதே சாயலில் சிறிய ஆய்வுகள் வந்தன. 2012இல் ஹார்வர்டைச் சேர்ந்தவர்கள் 27 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தபோதும் அதிக ஃப்ளோரைடு உள்ள ஊர்ப் பிள்ளைகளே பின்தங்கியிருந்தார்கள்.

ஆனால் ஃப்ளோரைடு மிகுந்த ஊர் பெரும்பாலும் வறண்ட ஊர். வறண்ட ஊர் ஏழை ஊர். அயோடின் குறைவு, இரும்புச்சத்துக் குறைவு, ஈயம், ஆர்சனிக், ஆசிரியர் இல்லாத பள்ளி எல்லாமே ஐ.க்யூ எண்ணைக் கீழே இழுக்கும். ஒரே நாளில் தண்ணீரையும் பிள்ளையையும் சோதித்துவிட்டு முடிவு சொல்லும் ஆய்வால் இவற்றைப் பிரித்தறிய முடியாது. நியூசிலாந்தின் டனிடின் நகரில் பிறந்தது முதல் பின்தொடர்ந்தவர்களிடம் வேறுபாடே இல்லை என்று 2015இல் ஓர் ஆய்வு சொன்னது. அங்கே தண்ணீரில் இருந்த அளவு நம்முடையதைவிட மிகக் குறைவு என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

2024 ஆகஸ்டில் அமெரிக்காவின் தேசிய நச்சியல் திட்டம் ஒரு பெரிய அறிக்கை வெளியிட்டது. குடிநீரில் 1.5 மில்லிகிராமுக்கு மேல் போனால் பிள்ளைகளின் ஐ.க்யூ குறைவதோடு தொடர்பு இருக்கிறது, இதை மிதமான உறுதியோடு சொல்கிறோம் என்றது. அதே குழுவினர் 74 ஆய்வுகளை அலசி 2025 ஜனவரியில் எழுதிய கட்டுரையில், 52 ஆய்வுகள் தரத்தில் பலவீனமானவை என்று அவர்களே ஒப்புக்கொண்டார்கள். தண்ணீரில் 1.5க்குக் கீழே தெளிவான தொடர்பு தெரியவில்லை என்றும் சொன்னார்கள். அமெரிக்காவின் பல ஊர்களில் பல் சொத்தையைத் தடுக்க நகராட்சிக் குழாயிலேயே 0.7 அளவுக்கு ஃப்ளோரைடு சேர்க்கிறார்கள். அதை நிறுத்தலாமா என்பதே அவர்களின் வழக்கு. நம் ஊர்ப் பத்திரிகைகளும் அந்த வழக்கைத்தான் மொழிபெயர்த்துப் போடுகின்றன. அது நம் வழக்கே இல்லை. அவர்கள் தகராறு செய்யும் கோட்டுக்கு மேலே, யாரும் அவ்வளவாகத் தகராறு செய்யாத இடத்தில் நாம் குடியிருக்கிறோம்.

ஐந்து புள்ளி குறைந்தால் என்ன, ஒரு பிள்ளையைப் பார்த்துக் கண்டுபிடிக்கக்கூட முடியாதே என்று கேட்கலாம். ஒரு பிள்ளையிடம் முடியாதுதான். ஆனால் ஊரின் சராசரி 100லிருந்து 95க்கு நகர்ந்தால், 70க்குக் கீழே விழுகிறவர்களின் பங்கு ஏறக்குறைய 2.3 விழுக்காட்டிலிருந்து 4.8க்குப் போகும். இது மணி வடிவ வளைகோட்டின் வெறும் கணக்கு. சிறப்புக் கவனிப்பு தேவைப்படும் பிள்ளைகள் இரண்டு மடங்கு.

புத்திக்கூர்மை மட்டுமல்ல. லாஸ் ஏஞ்சலஸில் கர்ப்பிணிகளின் சிறுநீரில் ஃப்ளோரைடை அளந்து, பிறந்த பிள்ளைகளை மூன்று வயதில் பார்த்த ஆய்வு 2024இல் வந்தது. தாயிடம் அளவு கூடியிருந்த பிள்ளைகளிடம் பதற்றம், உணர்ச்சிக் கொந்தளிப்பு போன்ற அறிகுறிகளும் கூடியிருந்தன. சில நூறு பேரை வைத்துச் செய்த ஒற்றை ஆய்வு. இதைக்கொண்டு தீர்ப்பு எழுத முடியாது. ஆனாலும் கருப்பையைப் பார்க்கச் சொன்னது அது. ஃப்ளோரைடு நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தையிடம் போகிறது. அப்போது ரத்தத்தில் வருவதிலிருந்து குழந்தையின் மூளையைக் காக்கும் தடுப்பு முழுமையடைந்திருக்காது.

நஞ்சுக்கொடி திறந்துவிடும் கதவை, பிறந்த பின் தாயின் மார்பு அடைத்துவிடுகிறது. தாய் குடிக்கும் தண்ணீரில் எவ்வளவு ஃப்ளோரைடு இருந்தாலும் தாய்ப்பாலில் அது மிகச் சொற்பமாகவே, லிட்டருக்கு 0.01 மில்லிகிராம் அளவில்தான் வருகிறது. அதே குழந்தைக்கு 2 மில்லிகிராம் உள்ள போர் தண்ணீரில் புட்டிப் பால் மாவைக் கரைத்துக் கொடுத்தால் இருநூறு மடங்கு. ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுங்கள், தண்ணீர்கூட வேண்டாம் என்று நர்சம்மா சொல்வதற்கு இந்த மண்ணில் கூடுதலாக ஒரு காரணம் இருக்கிறது.

சூழல் நஞ்சு மூளையில் பதிகிறதா என்பதை எப்படித் தேட வேண்டும் என்று நமக்குப் பக்கத்திலேயே காட்டியிருக்கிறார்கள். பெங்களூரு நிம்ஹான்ஸும் லண்டன் கிங்ஸ் கல்லூரியும் சேர்ந்து நடத்திய சி-வேதா ஆய்வு, இந்தியாவின் பல மையங்களில் 6 முதல் 23 வயது வரையானவர்களைப் பின்தொடர்ந்தது. அதில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் சிறுநீரில் ஆர்சனிக்கை அளந்து, மூளையை எம்.ஆர்.ஐ எடுத்துப் பார்த்த முடிவுகள் 2023இல் வந்தன. ஆர்சனிக் கூடியவர்களிடம் மூளையின் சாம்பல் திசு சில இடங்களில் குறைந்திருந்தது. கவனம் வைப்பது, ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவது, சொன்னதைத் தற்காலிகமாக நினைவில் வைப்பது ஆகியவற்றிலும் அவர்கள் பின்தங்கினார்கள். போதைப் பழக்கம், முன்கோபம் முதலிய பலவற்றுக்கும் கடிவாளம் இந்தத் திறன்கள்தான். தருமபுரியின் ஃப்ளோரைடுக்கும் இப்படி ஒரு ஆய்வு வேண்டும்: கருவுற்ற நாளிலிருந்து தாயின் சிறுநீர், வீட்டின் குடம், பிள்ளையின் பல், பிறகு மூளை. பல்லிலேயே சாட்சி இருக்கும் மாவட்டத்தைவிட இதற்குப் பொருத்தமான இடம் கிடைக்காது.

ஆய்வு வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. 1,928 கோடி ரூபாயில், ஜப்பானின் ஜைக்கா கடனுதவியோடு, ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் ஃப்ளோரோசிஸ் பாதிப்பு குறைப்புத் திட்டம் 2013இல் திறக்கப்பட்டது. காவிரி ஆற்று நீரைப் பாறை நாட்டுக்குக் கொண்டுவந்த இத்திட்டத்தைத் தமிழ்நாட்டின் பெரிய பொதுச் சுகாதார வேலைகளில் ஒன்றாகவே நான் கருதுகிறேன். ஆனால் ஒகேனக்கல் தண்ணீர் போதாத நாளில் மேல்நிலைத் தொட்டியில் போர் தண்ணீரைக் கலந்து விட்டால் பாதிப் பயன் போயிற்று. குடிக்க ஒகேனக்கல், சமைக்க போர் என்று பிரித்தாலும் அப்படியே. சோறும் களியும் தண்ணீரைக் குடித்துத்தான் வேகின்றன. கொதிக்கவைத்தால் கிருமி சாகும், ஃப்ளோரைடு சாகாது. நீர் சுண்டச் சுண்ட அது செறிவடையும். தேயிலையிலேயே ஃப்ளோரைடு உண்டு, போர் தண்ணீர் டீயில் இரண்டும் சேரும்.

சாப்பாட்டிலும் கொஞ்சம் உதவி கிடைக்கும். கேழ்வரகின் கால்சியம் குடலில் ஃப்ளோரைடை ஓரளவு பிடித்துக்கொள்ளும். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தினர் பள்ளிச் சிறுவர்களுக்கு நாள்தோறும் 10 கிராம் புளி வீதம் 18 நாள் கொடுத்துப் பார்த்து, சிறுநீர் வழியாக ஃப்ளோரைடு கூடுதலாக வெளியேறியதை 2002இல் எழுதினார்கள். அதற்காகப் புளிக்குழம்பை மருந்தாக்கிவிட வேண்டாம்; தண்ணீரை மாற்றாமல் குழம்பை மாற்றிப் பயனில்லை.

உங்கள் ஊர் போரில் ஃப்ளோரைடு எவ்வளவு என்று ஊராட்சி அலுவலகத்தில் கேளுங்கள். தெரியாது என்றால் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வுக்கூடத்தில் ஒரு பாட்டில் தண்ணீரைச் சோதிக்கக் கொடுங்கள். எண் 1.5க்கு மேல் இருந்து, ஒகேனக்கல் தண்ணீர் நாளைக்கு இரண்டு குடம்தான் வருகிறது என்றால், அந்த இரண்டு குடமும் வீட்டுக் கர்ப்பிணிக்கும் எட்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கும் குடிக்கவும் சமைக்கவும் போகட்டும்.