உயிரியல் மருந்தும் குருதிக் குழாய் அழற்சியும்

மூட்டுவாதத்துக்கு மருந்து பெறும் ஒருவரின் கால்களில் திடீரெனச் செந்நீலப் புள்ளிகள் தோன்றுகின்றன. தடவின் சிறிது மேடாகத் தட்டுப்படுகின்றன. அழுத்தினும் நிறம் மறைவதில்லை. தோலிலுள்ள நுண்ணிய குருதிக் குழாய்கள் அழற்சியுற்றுக் குருதி கசிந்தமையே இதற்குக் காரணமாகலாம். அவ்வழற்சியை விளைத்தது நோயா, அன்றி நோய்க்கு அளித்த மருந்தா என்பதே வைத்தியர் முன் எழும் வினா.

உடலைக் காக்கவேண்டிய நிர்ப்பீடனத் தொகுதி உடலையே தாக்குவதால் உண்டாகும் இவ்வாதம் மூட்டோடு நிற்பதன்று. பல்லாண்டு முற்றியவிடத்துக் குருதிக் குழாய்களையும் பற்றுவதுண்டு. மறுபுறம், 1992 ஆம் ஆண்டு இலண்டனில் மெய்னி, பெல்ட்மன் என்னும் அறிஞர் இருவர், ரி. என். எவ். என்ற புரதத்தைத் தடுக்கும் பிறபொருளெதிரியை நோயாளருக்குச் செலுத்தி, மூட்டு வீக்கம் தணியக் கண்டனர். அவ்வழி வந்தவையே இன்பிளிக்சிமாப், எற்றனசெப்ற், அடலிமுமாப் முதலியன. முடங்கிக் கிடந்தோர் பலரை இவை எழுந்து நடமாடச் செய்தன என்பது மிகையன்று. எனினும், இவற்றைப் பெறுவோருட் சிலருக்கு, அரிதாக, குருதிக் குழாய் அழற்சி தோன்றுகின்றது.

உயிரியல் மருந்து தானும் ஒரு புரதமாதலின், உடல் அதனை அந்நியப் பொருளெனக் கொண்டு எதிரிகளை ஆக்கக்கூடும். மருந்தும் எதிரியும் பிணைந்த கூட்டுப்பொருள்கள் குழாய்ச் சுவரிற் படிய, வெண்குழியங்கள் அங்கே திரண்டு சுவரைச் சிதைக்கின்றன என்பது ஒரு கொள்கை. ரி. என். எவ். அடங்கியவிடத்து இன்ரபெரோன் என்னும் பிறிதொரு பொருள் மேலோங்குகின்றது என்பது மற்றொன்று. இரண்டும் முற்றாக நிறுவப்பட்டில.

நோயே காரணமெனின் சிகிச்சையை வலுப்படுத்தல் வேண்டும்; மருந்தெனின் அதனை நிறுத்தல் வேண்டும். வழிகள் எதிரெதிரானவை. ஆதலின், மருந்து தொடங்கி எத்துணைக் காலம் சென்றது, மூட்டுகள் தணிந்திருக்கவும் புள்ளிகள் தோன்றினவா என்பன நுணுகி ஆராயப்படும். தோலிற் சிறு துண்டெடுத்து நுணுக்குக்காட்டியில் நோக்கின் அழற்சி உண்டென்பது புலனாகும். அதை விளைத்தது எது என்பது பெரும்பாலும் அங்கே தெரிவதில்லை. சிறுநீரிற் குருதியும் புரதமும் உளவா எனப் பார்த்தல் ஒருபோதும் விடத்தக்கதன்று. தோலிற் கண்ட அழற்சி சிறுநீரகத்தையும் நரம்புகளையும் பற்றியிருப்பின் நிலைமை வேறு. அப்போது ஸ்ரெரோயிட்டு முதலியன தேவைப்படும்.

மருந்தே காரணமாயின், அதனை நிறுத்தப் பெரும்பாலோர் குணமடைகின்றனர். ஆயின் உடனே அன்று. உடலிலுள்ள அடலிமுமாப் பாதியாகக் குறையவே ஏறத்தாழ 2 வாரம் செல்லும். அதே மருந்தை மீண்டும் அளிக்கப் புள்ளிகளும் மீண்டனவேல் ஐயம் நீங்கும். எனினும் அச்சோதனையை வேண்டுமென்றே செய்வார் அரியர். மூட்டுநோயை அடக்க வேறு வகை மருந்தொன்றை நாடுதலே வழக்கம். அவற்றுள் ஒன்றான றிற்றுக்சிமாப் என்பதும் உயிரியல் மருந்தே. சிலவகைக் குருதிக் குழாய் அழற்சிகளுக்கு மருந்தாக 2011 இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றதும் அதுவே.