கிணறு கெடும் முன்பே கேட்கும் பஞ்சாயத்து வேண்டும்

திண்டுக்கல்லிலிருந்து மதுரை செல்லும் வழியில், சின்னாளபட்டிக்கு அருகே இருக்கிறது காந்திகிராமம். டாக்டர் சௌந்திரம் அம்மையாரும் ஜி. ராமச்சந்திரனும் 1947-ல் தொடங்கிய நிறுவனம் இது. 1956-ல் இங்கு கிராமியக் கல்வி நிலையம் ஏற்பட்டது. 1976-ல் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆயிற்று. 1996 உள்ளாட்சித் தேர்தலுக்குப் பிறகு பஞ்சாயத்துத் தலைவர்களும் இங்கு பாடம் கேட்க வந்தார்கள். ராஜீவ் காந்தி பஞ்சாயத்து ராஜ் ஆய்வு இருக்கையில் பணியாற்றிய பேராசிரியர் க. பழனித்துரை இப்பயிற்சியில் முன்நின்றவர்.

தலைவருக்குப் பயிற்சி கொடுத்தால் சிறு விவசாயிக்கு என்ன லாபம் என்று கேட்கலாம். திண்டுக்கல் வட்டாரக் கிணறுகளைப் பார்த்தால் பதில் தெரியும்.

467-ல் 350

திண்டுக்கல் சுற்றுவட்டாரத்தில் தோல் பதனிடும் தொழில் பழைய தொழில். தோல் கெடாமல் இருக்க உப்பு. பதப்படுத்த குரோமியம் முதலிய ரசாயனங்கள். ஒரு கிலோ தோலுக்கு சுமார் 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது. அந்தக் கழிவு நீர் ஓடையிலும் தரிசிலும் விடப்பட்டபோது, உப்பு மெல்ல மெல்ல நிலத்தடிக்கு இறங்கியது.

திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியங்களைச் சேர்ந்த 13 கிராமங்களில் ஒரு தொண்டு நிறுவனம் எடுத்த கணக்குப்படி, குடிக்கவும் பாசனத்துக்கும் பயன்பட்ட 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயிருந்தன. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-ல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பிலேயே இந்தக் கணக்கு இடம்பெற்றது. திண்டுக்கல் உள்ளிட்ட ஐந்து மாவட்டத் தோல் ஆலைகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. கெடுத்தவரே நஷ்டஈடு தர வேண்டும் என்ற நியாயமும் அதில் உறுதியாயிற்று.

தீர்ப்பு நல்ல தீர்ப்புதான். ஆனால் உப்பேறிய கிணறு தீர்ப்பால் இனிக்காது. வரும் முன் காப்பதற்கு ஊரிலேயே ஒரு காவல் வேண்டும். அந்தக் காவல் பஞ்சாயத்து.

சட்டத்தில் இடம் உண்டு

73-வது அரசியல் சட்டத் திருத்தம் 1993 ஏப்ரல் 24-ல் நடைமுறைக்கு வந்தது. பஞ்சாயத்துகளுக்கு ஒப்படைக்கத்தக்க 29 இனங்கள் அதன் பட்டியலில் உள்ளன. அதில் "சுற்றுச்சூழல்" என்று தனி இனம் இல்லை. நகராட்சிகளுக்கான பட்டியலில்தான் அந்தச் சொல் இருக்கிறது. ஆகவே, "இது நம் வேலை இல்லை" என்று ஒரு தலைவர் நினைத்துவிடக் கூடும்.

பட்டியலை வரி வரியாகப் படித்தால் உண்மை புரியும். மண்வளப் பாதுகாப்பு, சிறு பாசனம், நீர்ப்பிடிப்பு மேம்பாடு, சமூகக் காடு, விறகும் தீவனமும், குடிநீர், துப்புரவு ஆகிய எல்லாம் அதில் உள்ளன. இவற்றை ஒன்றாகச் சேர்த்தால் அதுவே சுற்றுச்சூழல். இதைத் தலைவருக்கு எடுத்துச் சொல்வதே பயிற்சியின் முதல் பாடம்.

பெருமாட்டி சொல்லும் பாடம்

பாலக்காடு மாவட்டத்தில், நம் பொள்ளாச்சிக்குப் பக்கத்தில், பெருமாட்டி பஞ்சாயத்து இருக்கிறது. அங்கு பிளாச்சிமடையில் இயங்கிய கோகோ கோலா ஆலை நிலத்தடி நீரை அதிகமாக எடுக்கிறது என்று கூறி, 2003 ஏப்ரலில் அதன் லைசென்சைப் புதுப்பிக்கப் பஞ்சாயத்து மறுத்தது. 2004 மார்ச்சில் ஆலை நின்றது. அதன் பின் திறக்கவில்லை.

ஆனால் நீதிமன்றத்தில் பஞ்சாயத்துக்கு எளிதாக வெற்றி கிடைக்கவில்லை. 2003 டிசம்பரில் தனி நீதிபதி, நிலத்தடி நீர் பொதுச் சொத்து என்றார். 2005-ல் டிவிஷன் பெஞ்ச், நிபுணர் அறிக்கையை வைத்து, நாளொன்றுக்கு 5 லட்சம் லிட்டர் எடுக்கலாம் என்று கூறியது. இதில் நமக்குள்ள பாடம்: துணிவு மட்டும் போதாது. கிணற்று மட்டமும் நீரின் தரமும் ஆண்டுதோறும் எழுதி வைக்கப்பட்டிருந்தால்தான் பஞ்சாயத்தின் சொல் எடுபடும்.

பயிற்சியில் என்ன இருக்க வேண்டும்?

1. குளக் கணக்கு: 40 ஹெக்டேருக்கு, அதாவது சுமார் 100 ஏக்கருக்குக் குறைந்த ஆயக்கட்டு உள்ள கண்மாய்கள் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. அதற்கு மேற்பட்டவை நீர்வளத் துறையைச் சேர்ந்தவை. எந்தக் குளம் யாருடையது, வரத்து வாய்க்கால் எங்கே அடைபட்டிருக்கிறது என்பதைத் தலைவர் வரைபடத்தோடு நடந்து பார்க்கப் பழக வேண்டும்.

2. கிணற்றுப் பதிவேடு: ஊரின் நான்கு திசையிலும் சில கிணறுகளைத் தேர்ந்தெடுத்து, கோடைக்கு ஒரு முறை, மழைக்குப் பின் ஒரு முறை நீர் மட்டம் அளக்க வேண்டும். மோட்டாரை அரை மணி நேரம் ஓடவிட்டு, அதே நீரில் பாட்டிலைக் கழுவி, அரை லிட்டர் மாதிரி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். உப்பின் அளவு 0.7 மில்லிமோவுக்குக் குறைவு என்றால் பயமில்லை. 3-க்கு மேல் போனால் பல பயிர்கள் தாங்கா.

3. ஆலை வரும்போது கேட்க வேண்டியவை: தண்ணீர் எங்கிருந்து, எவ்வளவு? கழிவு நீர் எங்கே போகும்? மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு இருக்கிறதா? பதிலை எழுத்தில் வாங்க வேண்டும்.

4. பல்லுயிர்ப் பதிவேடு: 2002-ம் ஆண்டுச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைக்க வேண்டும். ஊரின் மரம், மூலிகை, நாட்டு விதை, நாட்டு மாடு ஆகியவற்றைப் பதிவது அதன் வேலை.

5. பெண் தலைவர்களுக்கு வசதி: 1996-ல் மூன்றில் ஒரு பங்காக இருந்த பெண்கள் ஒதுக்கீடு 2016-ல் சட்டப்படி பாதியாக உயர்ந்தது. வீட்டு வேலையும் காட்டு வேலையும் பார்க்கும் பெண், பல நாள் வெளியூரில் தங்கிப் படிப்பது சிரமம். பயிற்சி ஒன்றிய அளவில், பகல் நேரத்தில் நடந்தால், அவரே வருவார். கணவர் வர வேண்டியிராது.

விவசாயி செய்ய வேண்டியது

பயிற்சி பெற்ற தலைவரும் கேட்பார் இல்லாவிட்டால் சோர்ந்து போவார். கிராமசபை ஆண்டுக்கு நான்கு முறை என்றிருந்தது, 2022-ல் ஆறு முறை ஆக்கப்பட்டது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இவற்றுள் மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம். கோடை தொடங்கும் அந்தக் கூட்டமே கிணற்றுப் பதிவேட்டைப் படிக்கச் சொல்ல ஏற்ற கூட்டம்.

கூட்டத்துக்குக் குறைந்தபட்ச ஆள் கணக்கும் உண்டு. 500 பேர் வரை உள்ள ஊரில் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் இருக்க வேண்டும். ஆள் குறைந்தால் தீர்மானம் நிற்காது. ஒரு வேளை தண்ணீர் பாய்ச்சுவதைத் தள்ளி வைத்தாவது போக வேண்டிய கூட்டம் இது.

திண்டுக்கல் மாவட்டத்தில் 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட பஞ்சாயத்துகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்தது; பின்பு தனி அலுவலர்கள் பொறுப்பேற்றனர். 1991 முதல் 1996 வரையிலும், 2016 முதல் 2019 வரையிலும் இப்படியே தேர்ந்தெடுக்கப்பட்ட பஞ்சாயத்துகள் இல்லாத இடைவெளி இருந்தது. இத்தகைய காலத்திலும் ஆலை நிற்பதில்லை, ஆழ்குழாய் நிற்பதில்லை. எனவே பதிவேடு தலைவரின் பீரோவோடு போய்விடாமல், ஊர்ச் சொத்தாக இருக்க வேண்டும்.

ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் சாலையும் விளக்கும் கேட்கிறோம். இனி இன்னொன்றையும் கேட்போம்: "பதவி ஏற்ற மூன்று மாதத்துக்குள் பயிற்சிக்குப் போவீர்களா? முதல் கோடையிலேயே நம் கிணறுகளை அளப்பீர்களா?" சரி என்று சொல்பவரை, மார்ச் 22 கூட்டத்தில் மறக்காமல் நினைவூட்டுங்கள்.