சாகாதவர்களைச் சாகடித்த படம்

வெள்ளித்திரையில் சிப்பாய் – 6

2022 டிசம்பர் 19-ம் தேதி, ஜோத்பூர் எய்ம்ஸ் மருத்துவமனையில் பைரோன் சிங் ரத்தோர் காலமானார். வயது 81. எல்லைப் பாதுகாப்புப் படையில் பணியாற்றி, 1987-ல் ஓய்வுபெற்று, சொந்தக் கிராமத்தில் பேரன் பேத்திகளோடு வாழ்ந்தவர். 1971 பாகிஸ்தான் போரின் லோங்கேவாலா சண்டைக்காக சேனா பதக்கம் பெற்றவர். அந்தப் பெயரை நாட்டில் கோடிக்கணக்கானோர் அறிவார்கள். ஆனால், 1971-லேயே போர்க்களத்தில் உயிரைவிட்டவர் என்றுதான் அறிவார்கள். காரணம் ஒரு சினிமா. 1997-ல் ஜே.பி.தத்தா இயக்கத்தில் வெளிவந்த 'பார்டர்' படத்தில் அவர் வேடத்தில் நடித்தவர் சுனில் ஷெட்டி. அந்தப் பாத்திரம் சண்டையில் இறந்துவிடும். தன் பெயரிலேயே, தன் மரணத்தைத் திரையில் பார்க்க நேர்ந்த அந்த மனிதர், அதற்குப் பிறகு 25 ஆண்டுகள் உயிரோடு இருந்தார்.

சீருடையில் தப்பான பட்டை, தொப்பி இல்லாமல் அடிக்கும் சல்யூட் போன்ற பிழைகளைச் சென்ற வாரம் பார்த்தோம். நல்ல ஆலோசகர் ஒருவர் கூட இருந்தால் ஒரே நாளில் திருத்திவிடலாம். இந்த வாரம் பார்க்கப்போவது அப்படிப்பட்டதல்ல. அது கதையின் அடிவேரிலேயே இருக்கும் பிழை. 'வீரன் என்றால் சாக வேண்டும்' என்று சினிமா நம்புகிறது, நம்மையும் நம்பவைத்துவிட்டது.

லோங்கேவாலாவில் உண்மையில் என்ன நடந்தது?

ராஜஸ்தான் பாலைவனத்தில், பாகிஸ்தான் எல்லையை ஒட்டிய சிறிய காவல் நிலை அது. 1971 டிசம்பர் 4-ம் தேதி இரவு அங்கே இருந்தது, பஞ்சாப் ரெஜிமெண்டின் 23-வது பட்டாலியனைச் சேர்ந்த ஒரே ஒரு கம்பெனி. சுமார் 120 பேர். கூடவே எல்லைப் பாதுகாப்புப் படையின் சிறு குழு. பைரோன் சிங் அதில் ஒருவர். கம்பெனியின் தளபதி, 31 வயது மேஜர் குல்தீப் சிங் சாந்த்புரி. அவர்களை நோக்கி வந்ததோ நாற்பதுக்கும் மேற்பட்ட பாகிஸ்தான் டாங்கிகளும், ஆயிரக்கணக்கான காலாட்படையினரும்.

எல்லையோரம் ரோந்து போன லெப்டினென்ட் தரம்வீரின் குழு டாங்கிகளின் இரைச்சலைக் கேட்டுத் தகவல் அனுப்பியது. நின்று சண்டையிடுவதா, பின்னால் இருந்த ராம்கருக்குப் பின்வாங்குவதா என்ற முடிவு சாந்த்புரியிடமே விடப்பட்டது. உதவிப் படை உடனே வந்து சேர வழியில்லை. இருந்தும் அவர் நின்றார். அவர்கள் இருந்தது மணல்மேடு. சுற்றிலும் முள்கம்பி வேலி. எதிரி வரும் வழியோ டாங்கிகள் புதையும் மணல். இருக்கிற இடத்தில் இறுக நிற்பதே நல்லது என்று அவர் கணக்குப் போட்டார்.

டாங்கிகள் நன்றாகக் கிட்டே வரும்வரை சுடாமல் காத்திருந்தார்கள். ஜீப்பில் பொருத்திய ஆர்.சி.எல். என்ற டாங்கி எதிர்ப்பு பீரங்கி முதல் டாங்கிகளை வீழ்த்தியது. டாங்கிகளில் இருந்த எரிபொருள் பற்றி எரிந்து, மேட்டின் மேலிருந்து பார்ப்பவர்களுக்குக் களத்தை வெளிச்சமாக்கிக் காட்டியது. முள்கம்பியைக் கண்ட பாகிஸ்தான் காலாட்படை, அதற்கு அப்பால் கண்ணிவெடி வயல் இருக்கும் என்று தயங்கி நின்றது. அது இல்லை என்று தெரிந்துகொள்ளவே அவர்களுக்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஆனது. அந்த நேரம்தான் பொழுது விடியும்வரை தாக்குப்பிடிக்கக் கைகொடுத்தது. ஜெய்சால்மரில் இருந்த நம் விமானப் படையின் ஹண்டர் விமானங்களில் இரவில் தாக்குவதற்கான கருவிகள் கிடையாது. விடிந்ததும் அவை வந்தன. மறைவதற்கு ஒரு மரம்கூட இல்லாத மணல்வெளியில் டாங்கிகள் ஒவ்வொன்றாகச் சிக்கின. தப்பிக்க அவை வட்டமடித்த தடங்கள், விமானத்திலிருந்து எடுத்த புகைப்படங்களில் இன்றும் தெரிகின்றன.

இந்தச் சண்டையில் இந்தியத் தரப்பில் உயிரிழந்தவர்கள் இரண்டு பேர். வீழ்ந்த ஒரு பஞ்சாப் வீரரின் எல்.எம்.ஜி. இயந்திரத் துப்பாக்கியை எடுத்துத்தான் பைரோன் சிங் விடியும்வரை சுட்டார்.

இப்போது படத்துக்கு வாருங்கள். திரையில் இறக்கிறவர்களின் எண்ணிக்கை இரண்டோடு நிற்கவில்லை. பைரோன் சிங் இறக்கிறார். அக்‌ஷய் கன்னா நடித்த தரம்வீரும் இறக்கிறார். உண்மையான தரம்வீரோ கர்னலாக ஓய்வுபெற்று 2022 வரை வாழ்ந்தவர். இன்னும் பலர் அடுத்தடுத்து சாய்கிறார்கள். கற்பனைப் பெயர்களைச் சூட்டியிருந்தால் படைப்பாளியின் உரிமை என்று விட்டுவிடலாம். அப்போது உயிரோடு இருந்தவர்களின் பெயர்களை எடுத்துக்கொண்டு அவர்களுக்கு மரணத்தை எழுதியதை அப்படி விட முடியாது.

படம் சரியாகச் சொன்னவையும் உண்டு. வீட்டு நினைவும், கடிதத்துக்கான ஏக்கமும் அதில் உண்மையாக வந்திருக்கின்றன. '56 ஏ.பி.ஓ.' என்று ராணுவ அஞ்சல் முகவரி எழுதிய கடிதங்களை அனுப்பிவிட்டுக் காத்திருந்த குடும்பங்கள் தமிழ்நாட்டிலும் ஆயிரக்கணக்கில் உண்டு. படத்தில் வரும் கடிதப் பாடலைக் கேட்டு அழுதவர்களின் கண்ணீரில் பொய் இல்லை. பிரிவை இவ்வளவு நன்றாகப் புரிந்துகொண்ட படம், பிழைத்திருப்பதைப் புரிந்துகொள்ளவில்லையே என்பதுதான் வருத்தம்.

அப்படிச் சாகடித்ததால் என்ன போயிற்று? லோங்கேவாலாவின் உண்மையான வீரமே போயிற்று. அத்தனை டாங்கிகளுக்கு எதிரே 120 பேர் நின்று, இருவரை மட்டும் இழந்தார்கள் என்றால், அது இடத்தைத் தேர்ந்தெடுத்த அறிவு. தோட்டாவை வீணாக்காத கட்டுப்பாடு. சுடத் துடிக்கும் விரலை அடக்கிவைத்த பொறுமை. தன் ஆட்களை உயிரோடு திருப்பி அழைத்து வருவதுதான் ஒரு தளபதியின் முதல் கடமை. சாந்த்புரி அதைச் செய்தார். மகாவீர் சக்கரம் அவருக்குக் கிடைத்தது. படமோ அந்தச் சாதனையை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் பிணங்களை வைத்தது.

வீரரைச் சாகடிக்கும் இந்தப் பழக்கம் ஒரு படத்தோடு முடிவதில்லை. நிஜமோ வேறு. 1999 கார்கில் போரில் பரம்வீர் சக்கரம் பெற்றவர்கள் நான்கு பேர். விக்ரம் பத்ராவும் மனோஜ் குமார் பாண்டேயும் களத்தில் உயிர்நீத்தவர்கள். யோகேந்திர சிங் யாதவும் சஞ்சய் குமாரும் உயிரோடு திரும்பியவர்கள். டைகர் ஹில் உச்சியில் உடலெங்கும் குண்டு துளைத்த யாதவுக்கு அப்போது வயது 19. அவருக்கு விருது அறிவிக்கப்பட்டபோது, மறைவுக்குப் பின் வழங்கப்படுவதாகவே அறிவித்தார்கள். அதே பெயருடைய இன்னொரு வீரர் இறந்திருந்ததால் நேர்ந்த குழப்பம் அது. யாதவ் அப்போது மருத்துவமனையில் தேறிக்கொண்டிருந்தார். அரசின் அறிவிப்பில் நேர்ந்த அந்தப் பிழை சீக்கிரமே திருத்தப்பட்டது. சினிமாவில் பைரோன் சிங்குக்கு நேர்ந்தது திருத்தப்படவே இல்லை.

இதன் விளைவு திரையரங்கோடு நிற்பதில்லை. நம் ராணுவத்தில் ஒரு சிப்பாய் பெரும்பாலும் நாற்பது வயதை ஒட்டி ஓய்வுபெற்றுவிடுகிறார். பிள்ளைகள் அப்போதுதான் பள்ளியில் இருப்பார்கள். பென்ஷன் போதாமல் முன்னாள் சிப்பாய்கள் பலர் வங்கி வாசலிலும் ஏ.டி.எம். அறையிலும் காவலுக்கு நிற்கிறார்கள். சியாச்சினில் காவல் காத்தவர், காஷ்மீரில் ரோந்து போனவர், வெள்ளத்தில் படகு விட்டவர் எல்லாம் அவர்களில் உண்டு. நாம் அவர்களைத் தாண்டிப் போகிறோம். மூவர்ணக் கொடி போர்த்திய பெட்டிக்கு எழுந்து நிற்கத் தெரிந்த நமக்கு, இரட்டைக்குழல் துப்பாக்கியோடு ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும் முன்னாள் ஹவில்தாரிடம் 'எந்த ரெஜிமெண்டுங்க?' என்று ஒரு வார்த்தை கேட்கத் தோன்றுவதில்லை. செத்தவனுக்கு மட்டும் வீர வணக்கம் என்று சினிமா நமக்குக் கற்றுக்கொடுத்த பாடம் இது.

உயிர்நீத்தவர்களின் தியாகம் பெரிது; அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால், அந்தத் தியாகம் பெரிதாவதே அவர்கள் வாழ விரும்பியதால்தான். ஒவ்வொரு சிப்பாயும் திரும்பி வரவேண்டும் என்றுதான் கிளம்புகிறார். திரும்பி வந்தவரின் கதையும் கதைதான் என்று ஒப்புக்கொள்ளும் படங்கள் நமக்கு வேண்டும். 2018-ல் சாந்த்புரி மறைந்தார். 2022-ல் தரம்வீரும் பைரோன் சிங்கும் மறைந்தார்கள். 1971-ன் தலைமுறையில் இன்னும் நம்மோடு இருப்பவர்களைத் தேடிப் போய்க் கேட்க ஒரு கதாசிரியருக்கு இப்போதும் நேரம் இருக்கிறது.

திரும்பி வருவது என்றதும் தமிழ் சினிமாவுக்குப் பிடித்தமான ஒரு காட்சி நினைவுக்கு வரும்: லீவில் ஊருக்கு வரும் ராணுவ வீரர். வந்த கையோடு துப்பாக்கி எடுத்து ஊரைத் திருத்தக் கிளம்பிவிடுவார். உண்மையில், லீவில் இருக்கும் சிப்பாயால் என்ன செய்ய முடியும், எதைச் செய்தால் ராணுவச் சட்டம் அவர்மீது பாயும்? அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)