இணைய முகவரியும் விழுப்புரம் சந்திப்பும்



திண்டிவனத்தில் தலைமையாசிரியனாய் இருந்து ஓய்வுபெற்ற எனக்கு, மாணவர் ஏடுகளைப் புரட்டிப் பார்க்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. இந்நாளில் கட்டுரையின் அடியில், செய்தி எடுத்த இணைய முகவரியையும் குறித்துவைக்கிறார்கள், நல்ல வழக்கம். ஆனால் அம்முகவரிகளுட் பல, ஒரு கேள்விக்குறியும் அதன்பின் 'பிரிவு 9, எண் 4127' என்பன போன்ற இலக்கங்களுமாய், படிப்போர்க்கு ஒன்றும் உணர்த்தாமல் நிற்கின்றன. செஞ்சிக் கோட்டையைப் பற்றி ஒரு மாணவி எழுதிய கட்டுரையில் இத்தகைய முகவரி ஒன்று இருந்தது. இரண்டாண்டு கழித்து அதனைத் திறக்க முயன்றேன். தளத்தார் தம் மென்பொருளை மாற்றிவிட்டிருந்தனர். பக்கம் வேறிடத்தில் இருந்தது; முகவரி இறந்துபோயிற்று. அவள் காட்டிய சான்றும் அதனோடு போயிற்று.

இவ்விலக்கங்கள் எங்கிருந்து வருகின்றன? அத்தளத்தில் கட்டுரைகள் தனித்தனிக் கோப்புகளாக இல்லை. ஒரு நிரலானது தரவுத்தளத்திலிருந்து 4127ஆம் உருப்படியை எடுத்துப் பக்கமாகக் கட்டித் தருகிறது. அந்நிரலுக்கு இடும் கட்டளையே முகவரியாக வெளியே தெரிகிறது. அடுக்களையின் அளவுக் குறிப்பை விருந்தினர் இலையில் பரிமாறுவது போன்றது இது.

இதனை மாற்றும் வேலை, தளத்தைத் தாங்கும் வழங்கிக் கணினியுடையது. அப்பாச்சி என்னும் வழங்கி மென்பொருளுக்கு, முகவரியை மாற்றியெழுதும் கூறு ஒன்றினை 1996இல் ரால்ஃப் எங்கெல்ஷால் என்பவர் இயற்றினார். அது செய்வதை அறிய விழுப்புரம் சந்திப்பை எண்ணிப் பாருங்கள். சென்னையிலிருந்து வரும் இருப்புப்பாதை அங்கே விருத்தாசலத்துக்கும், கடலூருக்கும், புதுச்சேரிக்கும், திருவண்ணாமலை வழியே காட்பாடிக்கும் பிரிகிறது. எழும்பூரில் ஏறிய பயணி, எந்தத் தண்டவாளம் எப்போது திருப்பப்பட்டது என்று அறிய வேண்டுவதில்லை; சீட்டில் 'புதுச்சேரி' என்றிருந்தாற் போதும். அவ்வாறே, 'செஞ்சிக்கோட்டை' என்று முடியும் முகவரி வந்தால், வழங்கி அதனை உள்ளுக்குள் நிரலுக்குரிய கட்டளையாகத் திருப்பிக்கொள்ளும்.

விதியை எழுதுவோர் முதலில் ஒரு நிபந்தனை வைக்கவேண்டும்: கேட்கப்பட்ட பெயரில் மெய்யாகவே ஒரு கோப்போ கோப்பகமோ இருந்தால், அதனை அப்படியே கொடு, இல்லையேல் மட்டும் நிரலிடம் அனுப்பு. இதனை விட்டுவிட்டால் படங்களும் நிரலிடம் போய்ச் சிக்கிக்கொள்ளும். ஒரே வழங்கியில் பலர் தளங்கள் குடியிருக்குமாயின், தலைமை அமைப்புக் கோப்பினைத் தொடும் உரிமை குடியிருப்போர்க்கு இராது. அவரவர் கோப்பகத்தில் சிறு விதிக்கோப்பு ஒன்றை வைத்துக்கொள்ள வழங்கியை நடத்துவோர் இசையவேண்டும். ஒவ்வொரு வேண்டுகோளுக்கும் அதனைப் படிக்கவேண்டி வழங்கி சற்றே தாமதிக்கும். தலைமைக் கோப்பு கையிலிருப்போர் விதியை அதிலேயே எழுதுவது மேல்.

2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. எல்லாக் கட்டுரைகளையும் எடுத்துத் தருவது ஒரே நிரல்தான். வெளியே தெரிவதோ 'விழுப்புரம்' என்னும் தமிழ்ப்பெயர். ஆயினும் அம்முகவரியைப் படியெடுத்துக் கடிதத்தில் ஒட்டிப் பாருங்கள். பெரும்பாலும் விழுக்காட்டுக் குறிகளும் எண்களுமாய் நீண்டு கிடக்கும். காரணம் எளிது. ஒருங்குறியில் அகரமேறிய மெய் ஒரு குறியீடு. புள்ளியோ பிற உயிர்க்குறியோ சேர்ந்தால் இரண்டு. ஒவ்வொரு குறியீடும் மூன்று பைட்டு. ஒவ்வொரு பைட்டும் முகவரியில் மூன்று வரிவடிவம். விழுப்புரம், திண்டிவனம் இரண்டும் ஆறெழுத்துப் பெயர்களே. ஆனால் முன்னதில் 'ர' ஒன்றே அகரமேறியது; ஆகவே பதினொரு குறியீடு, 99 வடிவம். பின்னதில் 'வ', 'ன' இரண்டு உண்டு. பத்துக் குறியீடு, 90 வடிவம். ஏட்டில் எழுதிச் சரிபாருங்கள். இந்நீளத்துக்கு அஞ்சித்தான் தமிழ் விக்கிப்பீடியாவில் குறுந்தொடுப்பும் ஏற்படுத்தினர். எனக்கு நெடிய தமிழ்ப்பெயரே உவப்பு. உலாவியில் அது தமிழாகவே தெரிகிறது அன்றோ?

இனி, முன்னமே ஏடுகளில் ஏறிவிட்ட பழைய முகவரிகளை என் செய்வது? திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் செல்லும் நெடுஞ்சாலை முன்னாளில் 45 என்னும் எண் பெற்றிருந்தது. 2010இல் நெடுஞ்சாலை எண்களை மாற்றியமைத்தபோது 132 ஆயிற்று. 45 என்று கேட்டு வருவோரிடம் அப்படியொரு சாலையே இல்லை என்று சொல்லலாமா? வழங்கியும் அவ்வாறு சொல்லாதிருக்கவே 301 என்னும் மறுமொழி உளது. 'நிலையாக இடம் மாறியது, புதிய முகவரி இது' என்பது அதன் பொருள். 4127 என்று வருவோரைச் செஞ்சிக்கோட்டைக்கு அனுப்ப ஒரு விதி போதும். எந்த எண் எந்தக் கட்டுரை என்னும் அட்டவணையை மட்டும், பழைய மென்பொருளை நீக்குமுன் எழுதி வைத்துக்கொள்ளவேண்டும்.